கடைசிக் கட்டத்தில் ஒரு சுழி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். நலமில்லை என்று எழுதினால் மாப்பிள்ளை பதறிப்போவார். சாப்பிடுகிறேன், டிப்போவுக்குப் போகிறேன், துணி துவைத்துக்கொள்கிறேன். இப்போதைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்து மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் பார்த்துவிட்டாய் என்று மட்டும் தெரிகிறது, பதில் வருவதில்லை. காகிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டும். எடுத்ததுதான் எடுத்தாய், கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. வாஷர் மாற்ற வேண்டும். மாடி வீட்டுப் பல் டாக்டர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார், இன்னும் யாரும் குடிவரவில்லை. டிப்போவில் எனக்குக் காலை ஷிப்டுதான். ஐந்து மணிக்குப் போய் முதல் பஸ்ஸை அனுப்பி, வண்டிகள் வந்துபோகிற நேரத்தைப் பதிவேட்டில் எழுதினால் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். மேனேஜர் பெரிய மனது பண்ணி, "கொஞ்ச நாள் லீவு போட்டு வீட்ல இருங்க சார்" என்றார். வீட்டில் இருந்து என்ன செய்ய, இங்கே இருந்தாலாவது வண்டி வந்ததா என்று பார்ப்பேன் என்றேன்.

படம் பார்க்கிறேனா என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். பார்க்கிறேன். மூன்று மணிக்கு ஜன்னலில் அந்தப் பழுப்புப் போர்வையை மாட்டிவிட்டு, புரொஜக்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். படம் விழுகிற சுவரில் அம்மா காலண்டர் மாட்டிய ஆணி இன்னும் இருக்கிறது. யார் முகம் பெரிதாக வந்தாலும் மூக்கருகே ஒரு மச்சம் இருக்கும். அந்த ஆணியைப் பிடுங்கு பிடுங்கு என்று அம்மாவிடம் பத்து வருடம் சண்டை போட்டேன். இப்போது சுத்தியல் பக்கத்து அலமாரியில்தான் இருக்கிறது, பிடுங்கத் தோன்றவில்லை.

என் ருசி உனக்குத் தெரியும். படத்தில் யாராவது உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஒருவன்கூடச் சாப்பிடாத படத்தை நான் நம்புவதில்லை. வேலை செய்கிறவன் கை தெரிய வேண்டும். போனை வைக்கும்போது "சரி, வெச்சிடறேன்" என்று சொல்லாமல் வைக்கிறவர்கள் நிஜ மனிதர்கள் இல்லை. அடிதடியில் எனக்கு விரோதமில்லை, ஆனால் அடிபட்டவன் மறுநாள் நொண்ட வேண்டும். கடைசியில் பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்கக் கூடாது. விளக்குப் பிடித்தவன் பெயர், வண்டி ஓட்டியவன் பெயர் எல்லாம் அங்கேதான் வரும். நாமும் அந்த ஜாதிதான் என்று உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். நீ அதற்குள் தூங்கிப்போயிருப்பாய்.

அம்மாவுக்கு வேறு ருசி. முப்பது வருடம் சலவைக் கடையில் சட்டைகளைப் பார்த்த கண். கதாநாயகன் பெற்ற தாயைப் பறிகொடுத்துவிட்டு நிற்கும்போது, "போன சீன்ல காலர்ல கறை இருந்துச்சு, இப்ப எங்க போச்சு?" என்பாள். வாயை மூடிக்கொண்டு பார் என்பேன். வாயை மூடிக்கொண்டுதான் கறையைப் பார்க்கிறேன் என்பாள். யாரைச் சொல்லி என்ன, இப்போது நானும் கறையைத்தான் பார்க்கிறேன். கதை பிடிபடுவதில்லை. உதடு அசைகிறது, கார் கதவு சாத்துகிறது, யாரோ யாரையோ விட்டுப் போகிறார்கள். போன வாரம் கிணறு தோண்டுகிற அண்ணன் தம்பி படத்தை மறுபடி போட்டேன். தம்பியை மேலே தூக்குகிற இடம் வந்தது. உனக்குத் தெரியும், அந்த இடத்தில் நான் என்ன ஆவேன் என்று. ஒன்றும் ஆகவில்லை. கயிறு நல்ல கயிறு என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, சுற்றி வளைக்காமல் அந்த நோட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் காரியம் முடிந்தபின் டெலிபோன் நம்பர் தேடும்போது, நான் பார்க்கிற படங்களைக் குறித்துவைக்கும் அந்த நோட்டு மேஜை டிராயரில் உன் கையில் அகப்பட்டது. நீ அதைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னது எனக்கு வரி மாறாமல் நினைவிருக்கிறது. "சினிமால யாரோ செத்தா மூணு துண்டு. அம்மாவுக்கு முட்டை போட்டிருக்கீங்க" என்றாய். நான் நோட்டை மூடி டிராயரில் வைத்தேன். மறுநாள் விமானத்தில் நீ போய்விட்டாய்.

அந்த நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் மூன்று கட்டம். படம், நேரம், துண்டு. முதல் இரண்டும் என் கையெழுத்து. படத்தின் பெயர் எனக்கு எப்போதுமே நிற்காது என்பதால் தண்ணீர் லாரிக்காரர் படம், வாடகை வீடு தேடும் தம்பதி படம் என்றுதான் எழுதியிருப்பேன். எந்த நிமிடத்தில் கண் கலங்கியது என்பது இரண்டாவது கட்டம், கண் துடைக்க எத்தனை துண்டு ஆனது என்பது மூன்றாவது. மூன்றாவது கட்டத்தை நீ உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கடைசி முட்டையைத் தவிர அதில் உள்ள எண் ஒன்றுகூட என் கையெழுத்து இல்லை, அம்மாவுடையது.

என்னிடம் விட்டால் கண்ணில் தூசி விழுந்தது என்பேன், ஜலதோஷம் என்பேன். அதனால் அந்தக் கட்டத்தை அவள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். நாற்காலிக் கைப்பிடியில் ஒரு சின்னத் துண்டு மடித்து வைத்திருப்பாள். அழுகிற இடம் வருவதற்கு முன்பே அது என் முழங்காலுக்கு வந்துவிடும். நாங்கள் இருவருமே முதல் தடவை பார்க்கிற படமாக இருந்தாலும் வந்துவிடும். கதை உனக்கு முன்கூட்டி எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "கதை யாருக்குத் தெரியும், உங்க மூக்கு முதல்ல சிவக்கும்" என்றாள். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது, பாப்பா. சட்டைக் கறை பார்த்த நேரம் போக மிச்ச நேரம் அவள் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். படம் முடிந்ததும் "அழுமூஞ்சி ஐயாவுக்கு ரெண்டு துண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுதுவாள். நான் அழாத படத்துக்கு முட்டை. முட்டை என்றால் படம் தேறாது என்று அர்த்தம். அது உனக்கும் தெரியும். அதனால்தான் உனக்கு அப்படிக் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

ஆனால் அன்றைக்கு அந்தச் சுழியைப் போட்டது எனக்குள் இருக்கிற டிப்போக்காரன். அவள் போன மறுநாள் காலையில் வழக்கம்போல நாலரைக்கு விழித்துக்கொண்டேன். கை என்னமோ செய்ய வேண்டும் என்றது. நோட்டை எடுத்தேன். தேதி எழுதினேன். படம் என்ற இடத்தில் அம்மா என்று எழுதினேன். நேரம் எழுதினேன். மூன்றாவது கட்டம் வந்ததும் நின்றுவிட்டேன். அதை எழுதுகிறவள் இல்லை. எங்கள் டிப்போ பதிவேட்டில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. வண்டி வந்தால் நேரம், வராவிட்டால் சுழி. முப்பத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாகப் போட்டுவிட்டது. அம்மா தேறவில்லை என்று அதற்கு அர்த்தமில்லை. வண்டி வரவில்லை என்று அர்த்தம். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

வரும் என்று நானும்தான் எதிர்பார்த்தேன். ஊருக்கெல்லாம் தெரியும், நான் விளம்பரப் படத்துக்கே அழுகிறவன். ஆஸ்பத்திரியில் பதினோரு நாளும் கைக்குட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அது மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, தொட்டால் நம் கால்தான் என்று தெரியும், ஆனால் வேறு யாருடையதோ போல் இருக்கும். எனக்கு உடம்பு முழுக்க இப்போது அப்படித்தான் இருக்கிறது. வலி இல்லை. வலி இருந்தால் தேவலை என்றுகூட இருக்கிறது.

இதை எழுதி உன்னைச் சமாதானம் செய்துவிடலாம் என்றுதான் போன மாதமே காகிதத்தை எடுத்தேன். அதற்குள் மாப்பிள்ளை போன் செய்தார். உனக்குத் தெரியாமல் கடைக்குப் போகிற வழியில் பேசினார், அவரைத் திட்டாதே. நான் முட்டைக் கதையை அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவர் நடுவில் மறித்து, "அது இல்ல மாமா. முட்டையப் பத்தி அவ இப்ப பேசறதே இல்ல. எட்டு நிமிஷம், எட்டு நிமிஷம்னுதான் சொல்லிட்டிருக்கா. பாத்திரம் கழுவும்போது சொல்றா, பஸ்ஸுக்கு நிக்கும்போது சொல்றா. இன்னும் ஒரு சொட்டு அழல மாமா, எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. போனை வைத்துவிட்டுக் குழாயடியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் விளங்கியது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மா போனதும் நர்ஸ் என்னிடம், "டைம் பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள். நாலு பதினேழு என்றேன். நீ பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது நாலு இருபத்தைந்து. உன்னைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "எட்டு நிமிஷம் லேட்டும்மா." ஒரு நாளைக்கு நாற்பது டிரைவர்களிடம் சொல்கிற வார்த்தை. பெற்ற மகளிடம், அந்த வாசலில், அதைச் சொன்னேன். சொன்னது அதுவரை நினைவில்கூட இல்லை. மாப்பிள்ளை சொன்னபிறகுதான் நினைவு வந்தது. நீ ஐந்து மாதமாக அதைத் தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று தெரிந்ததும் வெட்கமாக இருந்தது. இந்த ஐந்து மாதத்தில் எனக்கென்று வந்த உணர்ச்சி அது ஒன்றுதான்.

அதனால் இதுவரை யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். நிமிடம் பிசகாமல் நாலு பதினேழு என்று என்னால் எப்படிச் சொல்ல முடிந்தது தெரியுமா? நான் அம்மாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவள் கை என் கையில்தான் இருந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்ச்சுவரில் இருந்த கடிகாரத்தை. உன் விமானம் இறங்கி இவ்வளவு நேரம், பெட்டி வர இவ்வளவு, டாக்ஸி பாலம் தாண்ட இவ்வளவு என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பாலத்தில் இருப்பாள், இப்போது சிக்னலில் இருப்பாள், நாலரைக்குள் வந்துவிடுவாள் என்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோதுதான் திரும்பினேன். முடிந்திருந்தது. அம்மா போனதை நானும் பார்க்கவில்லை, பாப்பா. வாழ்நாளெல்லாம் என் மூக்கு சிவக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தவளை, அந்த ஒரு நிமிடம் நான் பார்க்கவில்லை.

நீ லேட்டாக வரவில்லை. காலையிலிருந்தே அவள் கண் திறக்கவில்லை. டாக்டரையே கேட்டுக்கொள். நீ முந்தின விமானத்தில் வந்திருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது, உனக்குத்தான் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலை எட்டு நிமிடக் கணக்குச் சொல்லி நான் கெடுத்தேன். தப்பு என்னுடையது. அழுகை வராததும் உன் தப்பில்லை. வராதவளுக்கு அம்மாமேல் பாசமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நானே சொன்னாலும் நம்பாதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சரியாகச் சாப்பிடு. உனக்கு எல்லாம் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. வரத் தோன்றினால் வா. வீட்டுச் சாவி உன்னிடம் இருக்கிறது. எந்த விமானம், எத்தனை மணி என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
அப்பா