தலைவலிப் பொடி இருக்கிற இடங்கள்

மாமாவுக்கு,

ரத்தினசாமி அண்ணன் வண்டியில எங்கம்மா ஊட்டுக்குப் போறேனுங்க. கம்மஞ்சோறு கரைச்சு மூடி வெச்சிருக்கறேன். மோரு உறியில இருக்குது. பொட்டிச் சாவி உப்புச்சட்டிக்குப் பின்னால.

நேத்து உங்க மேல சொம்பை வீசுனது தப்புத்தானுங்க. தலைவலிக்குன்னு முழுங்கற பொடியே தலைவலியக் கொண்டாருதுன்னு கொல்லங்கோட்டு டாக்டரு சொன்னதை நீங்க திருப்பிச் சொன்னீங்க, எனக்கு ஆங்காரம் வந்துருச்சு. இப்ப நம்பறேன். பொடியில்லாட்டி விடியறப்பவே அழுகை வருது. கெணத்துப் பக்கம் தனியாப் போகப் பயமா இருக்குது.

ஒரு மாசம் அங்கயே இருக்கறேன். நான் வாறதுக்குள்ள எல்லாத்தையும் அடுப்புல போட்டிருங்க. பருத்திக்கொட்டைக் கூடையில ஆறு பொட்டலம், மொளகாய்ப் பானையில நாலு. வேற எங்கயும் இல்லீங்க.

கமலாத்தாள்

வண்டி பூட்டியாச்சு. இன்னொரு எடமும் இருக்குதுங்க. என் தலைவலி தீரோணும்னு நீங்க பழனிக்குக் காசு முடிஞ்சு தொங்கவிட்ட மஞ்சத்துணி. சாமி முடிச்சை அவுக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சே அதுக்குள்ள ரெண்டு வெச்சேன். தெனமும் நீங்க அதைத் தொட்டுக் கும்புடறப்பல்லாம், பொட்டலம் கிழிஞ்சிருமோன்னுதான் பயந்துட்டு நின்னேன்.