பயோடேட்டாவில் உனக்கான வரி

இன்று காலை ஜெராக்ஸ் கடையில் சூடாக வெளியே வந்த பயோடேட்டாத் தாளை வாங்கினேன். அந்த மை வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. இதற்கு முன் உன்னிடம் காட்டித் திட்டு வாங்காமல் நான் எந்த நேர்காணலுக்கும் போனதில்லை.

அப்போது நாம் இருவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் வேலை பார்த்தோம். நான் ரிசப்ஷனில், நீ கணக்கில். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், வரன் தேட அம்மா தயாரித்து வைத்திருந்த பயோடேட்டாவையே எடுத்து, ராசியையும் நட்சத்திரத்தையும் மட்டும் நீக்கிவிட்டு உன்னிடம் நீட்டினேன். உயரமும் மாநிறமும் அப்படியே இருந்தன. ‘அமைதியான குணம், குடும்பப் பாங்கு’ என்பதும் இருந்தது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாய்.

“ரிசப்ஷன்ல உக்காரப் போறியா, மணவறையில உக்காரப் போறியாடி?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மற்ற எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றுதானே சொல்லியிருந்தார்கள். நீ விடவில்லை.

“ரிசப்ஷனில் பணின்னு போட்டா யாருக்கு என்னா தெரியும்? புயல் அன்னிக்கு ரூமெல்லாம் தண்ணி பூந்துச்சே, தங்கினவங்க அத்தன பேருக்கும் போன் போட்டு வேற எடம் புடிச்சுக் குடுத்தியே, அத எழுதுடி.”

எழுதினேன். நேர்காணலில் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். வேலை கிடைத்தது.

பிறகுதான் உனக்கு உடம்புக்கு வந்தது. உன் அண்ணன் பிரான்சிலிருந்து போனில் அழுதார். தவளக்குப்பத்து வீட்டில் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஓட்டலில் நீண்ட விடுப்பு தர மறுத்தார்கள், நான் வேலையை விட்டேன்.

“பைத்தியமாடி உனக்கு? நாளைக்கு வேற வேலைக்குப் போனா, நடுவுல என்னா பண்ணீங்கன்னு கேப்பாங்களே?” என்று படுத்தபடியே கத்தினாய். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு மறுபடி வேலை தேடுகிறேன். புது பயோடேட்டாவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கட்டைவிரல் படங்கள் வந்தன. “சூப்பர்க்கா” என்றாள் சித்தி மகள். நடுவில் விட்டுப்போன மாதங்களுக்கு ‘சொந்தக் காரணம்’ என்று போட்டால் போதும் என்றார்கள். செல்போனில் ஒரு செயலியிடம் கேட்டேன், அதுவும் பாராட்டியது. என்னோடு சண்டை போட ஒருவரும் இல்லை. கருவடிக்குப்பத்தில் என் வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் பார்த்தேன். ‘சொந்தக் காரணம்’ என்ற இடம் வந்ததும் தாங்க முடியவில்லை. கடைசியில் அந்த மாதங்களுக்கு நேரே, ‘நோயுற்றிருந்த என் தோழியைக் கவனித்துக்கொண்டேன்’ என்று எழுதினேன்.

இன்று நேர்காணலில் மேலாளர் அம்மாள் அந்த வரிக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார். ஏன் விட்டீர்கள், மறுபடியும் விடுவீர்களா என்று எதைக் கேட்டாலும் சொல்லப் பதில் வைத்திருந்தேன்.

“உங்க ஃபிரெண்டு இப்ப எப்படி இருக்காங்க?” என்று கேட்டார்.

நம்மைத் தெரிந்த யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அவர்களுக்குத்தான் தெரியுமே. “அவ இப்ப இல்லீங்க மேடம்” என்றேன். என் வாயால் அதை முதன்முதலாகச் சொன்னது அப்போதுதான்.

வேலை தருவார்களா தெரியாது. தராவிட்டால் அடுத்த இடத்துக்கும் இதே தாளைத்தான் கொண்டுபோவேன். யார் சொன்னாலும் அந்த வரியை எடுக்கமாட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இனி புதியவர்கள்தான் இருக்கிறார்கள்.