டாலிக்கு அஞ்சு ஊசி

நவம்பர் 4, செவ்வாய்

விடியறதுக்கு முன்னேருந்து தூத்தல். குடை, மூங்கில் கம்பு, டாலியோட சங்கிலி. மூணையும் ரெண்டு கையில புடிச்சிக்கிட்டு வாக்கிங். வழியெல்லாம் சேறு.

டாலி மகன் வாங்கிட்டு வந்த நாய். அவன் ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டான், நாய் என் தலையில. ஜெயங்கொண்டத்துல இந்தப் பக்கம் நாயைச் சங்கிலி போட்டுக் கூட்டிட்டுப் போற பொம்பள நான் ஒருத்திதான். டீக்கடைக்காரர் தெனமும் கேக்கறாரு, நீங்க நாயை இழுத்துட்டுப் போறீங்களா, நாய் உங்களை இழுத்துட்டுப் போவுதான்னு. தெனமும் அவரே சிரிச்சிக்கிறாரு.

மீன்சுருட்டி ரோட்டுல அவுத்து வுட்ட நாய்ங்க:
குப்பைத்தொட்டிகிட்ட மூணு. குனிஞ்சாலே ஓடிடும், கல்லு எடுக்க வேணாம்.
கறிக்கடை செவலை. குடையை விரிச்சா ஓடும்.
முந்திரிக்காட்டு முனையில ராசேந்திரன் வூட்டுக் கருப்பன். எதுக்கும் ஓடாது.

ராசேந்திரன் எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா மகன். நாலு வருசமா பேச்சு இல்ல. பொதுப் பாதையில ரெண்டடி உள்ள வந்து செவுரு வச்சான், அதுல ஆரம்பிச்சது. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்தும் இல்ல. நேரா பேசறதில்லையே தவிர யாரு வாயும் சும்மா இருக்காது. எல்லாம் சாடையிலதான். இன்னிக்கும் கருப்பன் பல்லைக் காட்டிக்கிட்டு டாலியச் சுத்திச் சுத்தி வருது. அவன் வாசல்ல நின்னு பல்லு வெளக்கிக்கிட்டே நாய்கிட்ட பேசறான்: "டேய் கருப்பா, நீ ஒண்ணும் பண்ண மாட்டேன்னு சொல்லுடா. சும்மா பயப்படறாங்க பாரு."

நான் டாலிகிட்ட சொன்னேன், கட்டிப்போட வக்கில்லாதவங்களுக்கு நாய் எதுக்குடின்னு. அவனுக்குக் கேட்டுது. கேக்கணும்னுதான் சொன்னேன்.

நான் சத்துணவு பாக்கற ஸ்கூலுக்கு முட்டை லேட்டா வந்துச்சு. சமையக்காரம்மா லீவு. சாம்பார் நானே வச்சேன், உப்பு கூடிப்போச்சு. புள்ளைங்க தண்ணி குடிச்சிக் குடிச்சித் தின்னுச்சுங்க, பாவம்.

நவம்பர் 5, புதன்

மழை இல்ல. முழங்கால் வலி.

கருப்பன் இன்னிக்குக் குலைக்கவே இல்ல. செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. டாலி அந்தப் பக்கம் வரவே மாட்டேன்னு பின்னுக்கு இழுத்தா. இவளுக்கு என்ன வந்துச்சுன்னு நான்தான் தரதரன்னு இழுத்துட்டுப் போனேன்.

செல்வி கோலம் போட்டுக்கிட்டிருந்தா. ராசேந்திரன் பொண்டாட்டி. நான் இந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்து மூணாவது மாசம் அவ வந்தா. மகன் பொறந்தப்ப எங்கம்மா படுத்த படுக்கை. பத்து நாளும் எனக்கு வெந்நி வச்சு ஊத்தினவ இவதான். அக்கா அக்கான்னு முந்தானையப் புடிச்சிக்கிட்டே திரிவா. இப்ப என் செருப்புச் சத்தம் கேட்டா தலைய நிமுத்தறதில்ல. நான் மட்டும் என்னவாம், நானும் ரோட்டப் பாத்துக்கிட்டுத்தான் போறேன்.

நவம்பர் 6, வியாழன்



காலைல அஞ்சே முக்கால். கருப்பன் உறுமல, குலைக்கல. நேரா வந்து டாலி தோள்பட்டையக் கவ்விடுச்சு. குடையால அடிச்சேன், குடை போச்சு. கம்பால நாலு போட்டேன். ஒறைக்கவே இல்ல அதுக்கு. நான் போட்ட சத்தத்துல செல்வி ஓடியாந்து அதோட கழுத்தப் புடிச்சு இழுத்தா. சட்டுனு திரும்பி அவ வலது கையக் கடிச்சிடுச்சு. நான் பாத்தேன். ரெண்டு பல்லு நல்லா எறங்குனத என் கண்ணால பாத்தேன்.

அவ முந்தானையச் சுத்திக்கிட்டு நாயை இழுத்துட்டு உள்ள போயிட்டா. போறப்ப ஒரு தடவ திரும்பிப் பாத்தா. ஐயோ கடிச்சிடுச்சாடின்னு கேக்க எனக்கு வாய் வரல. டாலிக்கு என்ன ஆச்சுக்கான்னு அவளும் கேக்கல. சனியன் புடிச்ச நாலு வருசம்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசு, பொறுமையா சொன்னாரு. காயத்த சோப்பு போட்டு ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவணும். டாலிக்கு மொத்தம் அஞ்சு ஊசி. இன்னிக்கு, மூணாம் நாள், ஏழு, பதினாலு, இருபத்தெட்டு. வருசா வருசம் போடற ஊசிய இந்த வருசம் வுட்டுட்டேன். கேட்டப்ப தலையக் குனிஞ்சிக்கிட்டேன்.

என் விரல்ல அருவாமணை கீறின காயம், அதுல அந்த நாயோட எச்சி பட்டுருக்கு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னாரு. போனேன். எனக்கு நாலு ஊசி. மொத ஊசி இன்னிக்கே ஆச்சு.

கடிச்ச நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாக்கணுமாம். அது அவங்க வூட்டு நாய், நான் எங்க பாக்கறது.

வீட்டுக்காரரு சிமெண்ட் பேக்டரி ஷிப்ட் முடிச்சு சாயங்காலம் வந்தாரு. செல்வி கைய கடிச்சத சொன்னேன். அவங்களுக்குத் தெரியாதா, நமக்கென்னன்னாரு. கை கழுவிட்டு வந்து, ஆழமாவா கடிச்சதுன்னு கேட்டாரு.

நவம்பர் 8, சனி

பால்காரம்மா தனம் ரெண்டு வூட்டுக்கும் பால் ஊத்தறவ. அவ வாயில எதுவும் தங்காது. இப்ப அதுவும் நல்லதாப் போச்சு.

தனம் சொன்னது. கருப்பன இப்பதான் கட்டிப்போட்டுருக்காங்க. சோறு திங்கல. வாய் தொறந்தபடியே தொங்குது, எச்சி ஒழுவுது. தொண்டையில எலும்பு சிக்கியிருக்குன்னு செல்வி வாய்க்குள்ள கைய வுட்டுத் தேடினாளாம். கடிபட்ட கை.

தனத்துகிட்ட சொல்லியனுப்பினேன்: அது எலும்பு இல்ல, வெறி, இன்னிக்கே போயி ஊசி போட்டுக்கச் சொல்லு, நான் சொன்னேன்னு சொல்லாத. அவ போயி மொத வார்த்தையே, மேலத் தெரு அக்கா சொல்லச் சொல்லிச்சுன்னுதான் ஆரம்பிச்சிருப்பா.

பதில் வந்துச்சு. எங்க கை எங்களுக்குத் தெரியும், அவ நாயை அவ பாத்துக்கட்டும். ராசேந்திரன் அவளை எங்கயோ ஒரு ஊருக்குக் கூட்டிட்டுப் போயி வெத்தலையில வச்சு பச்சிலை வாங்கிக் குடுத்துட்டானாம். நாப்பத்தோரு நாள் பத்தியம். கவுச்சி, எண்ணெய், கத்திரிக்கா ஆகாது. இங்கிலீஷ் ஊசி போட்டா பச்சிலை முறிஞ்சிடுமாம். படிச்சவன்தானே அவன், பாலிடெக்னிக்கு வரைக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

டாலிக்கு ரெண்டாவது. எனக்கு ரெண்டாவது.

இன்னிக்கு நான் பண்ணினத எழுதாம இருக்கக் கூடாது.

சாயங்காலம் டாலியக் கூட்டிக்கிட்டு வேணும்னே அவங்க வாசல் வழியா போனேன். செல்வி உள்ள தண்ணி புடிக்கற சத்தம். நேரா கூப்புட்டிருக்கலாம். மூணே எழுத்துப் பேரு. வாய் வரல. பழக்கம் அப்படி, டாலிகிட்டதான் பேசினேன். நல்லதத்தான் சொல்ல வந்தேன், ஆனா அந்தச் செவுரு கண்ணுல பட்டுது. வார்த்தை வேற மாதிரி வந்துடுச்சு.

"பாத்தியாடி டாலி, உனக்கு ஊசி போட்டாச்சு, நீ பொழச்சே. கடிய மூடி வச்சிக்கிட்டுப் பச்சிலை திங்கறவங்க நாய் மாதிரி குலைச்சுக்கிட்டுத்தான் சாவணும்."

தண்ணிச் சத்தம் நின்னுது. உள்ளேருந்து அவ கோழிகிட்ட பேசினா, யாரு சாவறாங்கன்னு பாப்போம்னு. கதவ அடைச்சிட்டா.

ஏழு மணிக்கு ராசேந்திரன் எங்க கேட்டத் தட்டி சத்தம் போட்டான். என் பொண்டாட்டிக்குச் சாவு சாபம் வுடறாளான்னு. நாலு வருசத்துல நேரா பேசின மொத வார்த்தை அது. அவரும் பதிலுக்குக் கத்தினாரு. பக்கத்து வூட்டுக்காரங்க வந்து வெலக்கி வுட்டாங்க. அப்புறம் அவரு சாப்புட வரல. சோத்தப் போட்டு மூடி வச்சிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

கருப்பன் செத்துப்போச்சு. விடியக்காலைல. சாக்குல கட்டி முந்திரிக்காட்டுல பொதச்சிட்டாங்க.

மாட்டாஸ்பத்திரி டாக்டருக்குப் போன். வெறிதான்மா, சந்தேகமே வேணாம், தொட்டவங்க எல்லாரையும் இன்னிக்கே ஊசி போடச் சொல்லுங்கன்னாரு. ஸ்கூலுக்குப் பர்மிஷன் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நர்சம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லி ராசேந்திரன் நம்பரக் குடுத்தேன். அந்தம்மா என் முன்னாடியே பேசினாங்க. அவன் சொன்னானாம், எங்க வூட்ல யாரையும் கடிக்கல, அந்தம்மாவுக்கும் எங்களுக்கும் பாதைத் தகராறு, அதான் கெளப்பி வுடுது.

நர்சம்மா போனை வச்சிட்டு என்னைப் பாத்தாங்க. உங்களுக்குள்ள தகராறாம்மா? ஆமான்னேன்.

நவம்பர் 13, வியாழன்

மூணாவது, ரெண்டு பேருக்கும். டாலி காயம் காஞ்சு வருது.

பத்தியம் இருக்க செல்விய அவங்கம்மா வூட்டுக்கு அனுப்பிட்டானாம். அரும்பாவூரு. வாசல்ல கோலம் இல்ல. அந்த வழியா போறப்ப இனிமே தலையத் திருப்பிக்க வேணாம்னு ஒரு நிம்மதி வந்துச்சு. தூ, நானெல்லாம் ஒரு மனுசி. எழுதினத அடிக்கப் போறதில்ல.

நவம்பர் 20, வியாழன்

டாலிக்கு நாலாவது. நல்ல மழை. ஸ்கூல் லீவு.

வெறி வந்தா தண்ணி எறங்காதாம். தெனமும் காலைல கிண்ணத்துல தண்ணி வச்சிட்டு டாலி குடிக்கிறாளான்னு குத்த வச்சிப் பாக்கறேன். நக்கி நக்கிக் குடிக்கிறா. அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்குக் காப்பி எறங்குது.

செல்வி நம்பர் இன்னும் என் போன்ல இருக்கு. ரெண்டு தடவ போட்டு, மணி அடிக்கறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். என்னன்னு ஆரம்பிக்கிறது? மொதல்ல பேசறவங்க எறங்கிப் போனதா ஆயிடும். இப்படித்தான் அவளும் நெனச்சிக்கிட்டுக் கெடப்பா.

மறுபடியும் போடல.

நவம்பர் 29, சனி

கரெண்ட் இல்ல. மாவு அரைக்கல. இட்லிக்குப் பதிலா உப்புமா. அவரு மூஞ்சி உப்புமா மாதிரியே.

தனம் வந்து சொல்றா, செல்வி நல்லாத்தான் இருக்காளாம், ஊசி போடாமலே. மேலத் தெருவுக்காரி சொன்னதுக்கு இன்னேரம் செத்திருக்கணுமேன்னு ராசேந்திரன் சிரிக்கிறானாம். கேட்டப்ப சந்தோசமாத்தான் இருந்துச்சு. எரிச்சலாவும் இருந்துச்சு.

ஆஸ்பத்திரிப் பக்கம் போனப்ப நர்சம்மாகிட்ட கேட்டேன். நல்லா இருக்கறதுல ஒண்ணும் இல்லம்மா, மாசக்கணக்குல கூட ஆவும். இப்பப் போட்டாலும் போடலாம், கடிச்ச எடம் அரிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள போடணும், அப்புறம் சாமியே வந்தாலும் முடியாது.

வந்து அவருகிட்ட சொன்னேன். சட்டையக் கழட்டி ஆணியில மாட்டினாரு. அப்புறம், நீ ஒருதரம் போயிட்டு வாயேன், பாதை கெடக்குது பாதைன்னாரு.

நாளைக்கே போவணும்தான். நாளைக்கு ஒரு வளைகாப்பு. திங்கள், செவ்வாய் ஸ்கூல்ல இன்ஸ்பெக்ஷன். புதன் போறேன்.

டிசம்பர் 3, புதன்

ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர், அரும்பாவூர். மூணு பஸ். ஆர்லிக்ஸ் ஒண்ணு, சாத்துக்குடி ஒரு கிலோ. பஸ்ஸுல உக்காந்து பேச வேண்டியத மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். செல்வி, நான் சொன்னது தப்பு, கெளம்பு, ஊசி போட்டுட்டு வந்து என்னைத் திட்டு. இவ்வளவுதான். இத சொல்ல நாலு வருசம்.

அவங்கம்மா காட்டுக்குப் போயிட்டாங்க. அவ மட்டும் மாட்டுக்கொட்டாயில, கன்னுக்குட்டி பக்கத்துல உக்காந்திருந்தா. எளச்சிருந்தா. என்னைப் பாத்துட்டு கன்னுக்குட்டிகிட்ட சொன்னா, யாரோ வந்திருக்காங்க, உக்காரச் சொல்லுன்னு.

"என்கிட்டயே சொல்லு செல்வி. நாந்தான் வந்திருக்கேன். உன்கிட்ட பேசத்தான் வந்தேன்."

அழுதா. நானும்தான். சொல்லிப் பாத்துட்டுப் போனதுல ஒரு வார்த்தை ஞாபகம் வரல. அப்புறம் கண்ணத் தொடச்சிக்கிட்டு எந்திரிச்சிப் போனா. பகையாளியா இருந்தாலும் வாசப்படி ஏறினவங்களுக்குத் தண்ணி குடுக்கணும் இல்லையா. செம்புல மொண்டுக்கிட்டு வந்தா. பாதி தூரத்துல நின்னுட்டா. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கைய மட்டும் நீட்டி, செம்பக் கீழ வச்சா. தரையெல்லாம் தண்ணி.

"நீயே எடுத்துக்கக்கா. ரெண்டு நாளா தண்ணியக் கிட்ட கொண்டாந்தா தொண்டையப் புடிக்குது. கையி வேற அரிச்சிக்கிட்டே இருக்கு. பத்தியம் ஒத்துக்கல போலருக்கு."

அக்கான்னு கூப்புட்டா.

ஆம்புலன்ஸுல பெரம்பலூர் ஆஸ்பத்திரி. வழி முழுக்க என் கையப் புடிச்சிருந்தா. காத்து பட்டாலே ஒடம்பு தூக்கிப் போடுது. டாக்டர் என்னைத் தனியாக் கூப்புட்டு என்னிக்குக் கடிச்சதுன்னு கேட்டாரு. இருபத்தேழு நாளாச்சுன்னேன். கடிச்சத யாரு பாத்ததுன்னாரு. நாந்தான்னேன். அப்பவே ஏம்மா சொல்லலன்னாரு. சொன்னேன் சார், எங்க நாய்கிட்ட சொன்னேன்னு சொல்ல முடியுமா.

ராசேந்திரன் மூணு மணிக்கு வந்தான். செவுத்துல சாஞ்சபடி அப்படியே தரையில உக்காந்துட்டான். "அண்ணி, எலும்புன்னுதான் அண்ணி நெனச்சோம்" அப்படின்னான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவளை ஒரு தனி ரூமுல வச்சு லைட்ட அணைச்சிட்டாங்க. உள்ள வுடல.

அவரு வந்து ராசேந்திரன்கூட இருந்துக்கிட்டாரு. என்னை பஸ் ஏத்தி வுட்டாரு. வழியெல்லாம் கார்த்திகை வெளக்கு, வாசலுக்கு வாசல். எங்க வூட்ல ஏத்தல. அவங்க வூட்லயும் இருட்டு.

டாலி காலையிலேருந்து கட்டுல கெடந்திருக்கா. கிண்ணத்துல தண்ணி வச்சேன். குடிச்சா.

நாளைக்கு எனக்கும் டாலிக்கும் கடைசி ஊசி.