வாளிக்குள் போன சாட்சி

குருநகர்,
புதன்கிழமை.

அன்புள்ள றொகான் அண்ணைக்கு,

கனடாவில் குளிர் எப்படி, பிள்ளைகள் சுகமா என்று கேட்டுத்தான் இந்த மின்னஞ்சலைத் தொடங்க நினைத்தேன். மனம் வரவில்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம்.

நேற்று நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கண்ணாடி அலுமாரியில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், வெள்ளை வெளேரென்று ஒரு முருகைக்கல், பவளப்பாறைத் துண்டு. "அப்பாவின் கடல்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன விசரா, அண்ணை? பல்கலைக்கழகத்து உறைபெட்டி பழுதென்று வீட்டு உறைபெட்டியில் நான் கொண்டுவந்து வைத்த ஆய்வுத் துண்டு அது! "தொடவேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருந்தேனே. நீங்கள் இங்கே வந்து நின்றபோது நண்டு வைக்க இடமில்லையென்றால் அதை வெளியே எடுப்பதா? எடுத்ததும் போதாமல், மணக்குதென்று எல்லாவற்றையும் புளீச்சிங் தூளில் ஊறப்போட்டு உரஞ்சுவதா?

உயிருள்ள முருகைக்கல்லின் தசையில் கொழுப்பு இருக்கும். தண்ணீர் நல்லதென்றால் அது சேரும். சேறு கலங்கி வெளிச்சம் படாவிட்டால், பட்டினி கிடந்து அந்தக் கொழுப்பையே கரைத்துச் சீவிக்கும். அதை அளந்தால் கடலுக்கு என்ன நடந்ததென்று தெரியும். அந்தத் தசையைத்தான் நீங்கள் உரஞ்சிக் கழுவிவிட்டீர்கள். கொம்பனி கடலில் மண் அள்ளத் தொடங்க முன்னும் பின்னும், அனுமதியோடு, அப்பா கடலடிக்குச் சுழியோடி எடுத்துத் தந்த துண்டுகள் அவை. திரும்ப எடுக்கலாமென்றால் அங்கே இப்போது எல்லாம் செத்துக் கிடக்கிறது.

மீனவரின் நங்கூரம்தான் கல்லைக் கொன்றதென்று கொம்பனி சொல்கிறது. வாற செவ்வாய்க்கிழமை விசாரணை. மீனவர் சங்கத் தலைவர் என்று அப்பாதான் போய்ப் பதில் சொல்லவேண்டும். பழி விழுந்தால் அந்தக் கடலில் தொழிலுக்குத் தடை. வெறுங்கையோடு போகப் போகிறார்.

இன்னொன்றும் கேளுங்கள். நீங்கள் கழுவியதை அப்பா கண்டவராம். அவர் காணும்போதே தசையெல்லாம் கரைந்து வாளிக்குள் போய்விட்டதாம். ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கத்தினேன். "ஆறு வரியத்துக்குப் பிறகு வந்த பிள்ளை, ஆசையாய்க் கழுவிக்கொண்டிருந்தவன். என்னெண்டு பேசுறது? அவனுக்கு எழுதிப்போடாதை, தாங்கமாட்டான்" என்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

அதனால் நான் எழுதியதை அவரிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். மன்னிப்பும் கேட்கவேண்டாம். செவ்வாய்க்கிழமை அவர் வெளிக்கிட முன்னம் ஒருக்கால் போன் எடுத்து, "அப்பா, நீங்கள் அந்தக் கல்லுக்கு ஒண்டும் செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்ல இருந்த ஒரே சாட்சி வாளியோடு போய்விட்டது.

மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

கோபம் ஆறாத தங்கை,
பெர்னடெட்