தலையணை உறைக்குள் ஓர் ஆல்பம்

மார்ச் 2, ஞாயிறு

மாலையில் வழக்கம்போல என் வீட்டு முன்னறையில் கூடினோம். பல் டாக்டர், அவர் தங்கையைக் கட்டிய பஸ் டிரைவர், நான். ஹெவி மெட்டல் கேட்க மூன்றே பேர். பக்கத்து வீட்டாருக்கு முப்பது பேர் மாதிரி.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. புது ஆல்பம் வந்தால் அட்டையைத் தலையணை உறைக்குள் போட்டு முடிச்சிட்டுவிடுவோம். மூவரும் கருத்துச் சொன்ன பிறகே பிரிக்கலாம். அட்டைப் படத்தையும் பாட்டுப் பெயர்களையும் முன்பே பார்த்துவிட்டால், பெயரைப் பார்த்துத் திருத்திய விடைத்தாள் மாதிரி மதிப்பெண் கோணும் அல்லவா?

இன்று கேட்டது எங்கள் அபிமானக் குழுவின் புது இசைத்தட்டு. பாடகர் மாறிய பின் வரும் முதல் ஆல்பம். தட்டின் நடுவில் வெறும் கறுப்பு வட்டம், ஓர் எழுத்துகூட இல்லை. மாதக் கடைசியில் அவர்கள் எங்கள் ஊருக்கே வருகிறார்கள். மூன்று டிக்கெட் என் அலமாரியில்.

டாக்டர் கண்ணை மூடியே கேட்டார். "மலை நடந்து வர்ற மாதிரி இருக்கு. இவங்க செஞ்சதுலயே இதுதான் உச்சம்."

"மலையா? செகண்ட் கியர்ல மாட்டின பஸ் மச்சான் இது. இறங்கித் தள்ளணும்" என்றார் டிரைவர்.

"உனக்கென்ன மாப்ளே, வேகமாப் போனாத்தான் பாட்டு. பிரேக் போட்டா உசிரு போயிடும்."

"நீ நாள் முழுக்கப் பல்லைக் குடையுறவன். வலிச்சாத்தான் உனக்கு இனிக்கும்."

தொழிலைத் தொட்டார்கள், பிறகு கல்யாணத்தையே தொட்டார்கள். டிரைவர் எழுந்து போய்விட்டார். பின்னாலேயே டாக்டரும். எனக்குக் கருத்துச் சொல்லும் முறையே வரவில்லை. உறை முடிச்சோடு கிடக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

யாரும் வரவில்லை. நாற்காலிகளைப் போட்டதுதான் மிச்சம்.

மார்ச் 12, புதன்

பல்வலி என்று பொய் சொல்லி டாக்டரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லிக் கருவியை வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க டீச்சர், அவன் பேசினது நியாயமா?" என்கிறார். எந்த வாயால் சொல்வது?

கொப்பளித்த பிறகு கச்சேரியைப் பற்றிக் கேட்டேன். "அவன் வந்தா நான் வரல."

அங்கிருந்து நேரே பஸ் நிலையம். டிரைவரோ, "உங்களைக் கொண்டுபோய் விட்டுடறேன் டீச்சர். அவரு வந்தா நான் உள்ள வரல" என்றார்.

நான் மட்டும் போய் என்ன செய்ய? தாலாட்டுக்கே இரண்டு பேர் வேண்டும். மெட்டலுக்கு மூன்று பேராவது வேண்டாமா? டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடலாமா? மனசே வரவில்லை.

மார்ச் 15, சனி

மருமகள் துவைக்கத் துணிகளை அள்ளினாள். உறையை அவிழ்த்து உதறியதும் அட்டை விழுந்தது.

"அத்தை, பின்னாடி பொடி எழுத்துல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. துவைக்கிற தண்ணியோட சூடா?"

வாங்கிப் பார்த்தேன். சூடு இல்லை, வேகம்! நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று சுற்ற வேண்டிய தட்டு. நாங்கள் வழக்கம்போல முப்பத்து மூன்றில் ஓடவிட்டிருக்கிறோம்.

அடக் கடவுளே! நாங்கள் கேட்டது ஆல்பமே இல்லை, அதன் தூக்கம்.

வேறு எந்தப் பாட்டாக இருந்தாலும் குரல் இழுப்பதும் கனப்பதும் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். மெட்டலில்தான் கிணற்றுக்குள்ளிருந்து உறுமுவதே பாட்டாயிற்றே! புதுப் பாடகருக்கு என்ன கனமான தொண்டை என்று மூவருமே தலையாட்டினோம். சிரித்துச் சிரித்துப் புரையேறி, மருமகள் தண்ணீர் கொண்டுவரும்படி ஆயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

ஒருவரிடம் தலை சுற்றுகிறது என்றேன், இன்னொருவரிடம் பீரோவை நகர்த்த வேண்டும் என்றேன். இருவரும் வந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் சரியான வேகத்தில் தட்டை ஓடவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் டிரைவரின் கால் தாளம் போட்டது. "இது யாரு டீச்சர்? பறக்குறாங்களே!"

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "வழக்கமான ஓட்டம். அன்னிக்குக் கேட்டோமே, அது ஆல்பம்."

அட்டையைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைக் காட்டினேன். இருவரும் குனிந்து படித்தார்கள். பிறகு டிரைவர் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "மச்சான்... உன் மலை... ஓடுது!"

"சிரிக்காத மாப்ளே" என்ற டாக்டராலும் அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இருந்தாலும் சொல்றேன், என் மலைதான் நல்லாயிருந்துச்சு" என்றார். மறுபடி ஆரம்பம்! ஆனால் இப்போது பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

கேள்வித்தாளில் கேள்வியே தப்பாக அச்சானால் எழுதிய எல்லோருக்கும் முழு மதிப்பெண் போடுவோம். அப்படியே போட்டுவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

நேற்றுக் கச்சேரி. தூங்கி எழுந்தும் காதுக்குள் தேன்கூடு.

புது ஆல்பத்தின் முதல் பாட்டை எடுத்ததும் டாக்டர் வாயருகே கையைக் குவித்து, "மெதுவா வாசிங்கய்யா!" என்று கத்தினார். சுற்றியிருந்த இளவட்டமெல்லாம் திரும்பி முறைத்தது. டிரைவர், இவர் யாரோ எவரோ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரம்தான். பிறகு மச்சான் தோளில் கையைப் போட்டு, அவரைவிடப் பெரிய குரலில், "அதான் சொல்றாருல்ல, மெதுவா வாசிங்க!"

மூன்றாவதாகக் கத்தியதில் இன்று எனக்கும் தொண்டை கட்டியிருக்கிறது.