ஆடி கழியட்டும்

2025 மே 15, வைகாசி 1

பை மாறியது. நானும் பையும் திருச்செங்கோடு ரோட்டில் இருக்கிற சின்னவன் தனசேகர் வீட்டுக்கு வந்தாயிற்று. என் வீட்டுக்காரி சௌந்திரம் போய்ச் சேர்ந்த பிறகு என் பிள்ளைகள் பேசிக்கொண்ட ஏற்பாடு இது: ஒரு தமிழ் மாதம் பெரியவன் கதிர்வேல், அடுத்த மாதம் இவன். மாதம் பிறந்த அன்று காலைச் சாப்பாடு ஒரு வீட்டில், மத்தியானம் அடுத்த வீட்டில்.

இன்று வந்து சேர்ந்தபோது சோறு வடித்திருக்கவில்லை. "காலைல சாப்புட்டுட்டுத்தான வந்திருப்பீங்க மாமா" என்றாள் சின்ன மருமகள். லாரியில் எத்தனை லோடு அடித்திருக்கிறேன். ஏற்றிவிடும்போது இருக்கிற சுறுசுறுப்பு இறக்குகிற இடத்தில் இருக்காது.

ஜூன் 3

வாங்கிவிட்டேன். சேலத்தில் ஒரு யார்டில் கிடந்தது. சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு ஓடிய பழைய கேரவன். உள்ளே கட்டில், அடுப்பு மேடை, கக்கூஸ், சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி. அதில் என் மூஞ்சியைப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

தரைத் தகடு துரு. கூரை ஒழுகுகிறது. ஒயரை எலி தின்றிருக்கிறது. என்ஜின் கரும்புகை தள்ளுகிறது. நாமக்கல்லில் பூபதி பட்டறையில் விட்டேன்.

"ஏனுங்க, இதுல யாருங்க போறது?"

நான்தான். சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர். நான் லாரி ஓட்டிய அதே ரோடு. தூக்கம் வந்தால் ஓரங்கட்டித் தூங்குவேன். எந்த மாதம் பிறந்தால் எனக்கென்ன?

ஜூன் 5

கதிர்வேல் வந்தான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. "உங்க வயசுக்கு இன்சூரன்ஸ்ல தொந்தரவு பண்ணுவாங்கப்பா. ஆர்சி எம்பேர்ல இருக்கட்டும்" என்றான்.

கையெழுத்துப் போட்டேன். பெற்ற பிள்ளை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 15, ஆனி 1

பை மாறியது. பரமத்தி வேலூர், கதிர்வேல் வீடு.

ஜூன் 28

அதிசயம். பெரிய மருமகள் தனப்பிரியா பட்டறைக்கே வந்தாள். கக்கூஸில் பிடித்து எழ ஒரு கைப்பிடி வைக்கச் சொன்னாள். ஏறுகிற படியைத் தாழ்த்தச் சொன்னாள். "மாமா வழுக்கி உழுந்துட்டா யாருங்க பாக்கறது?" இத்தனை வருஷத்தில் அவள் என் முழங்காலைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கிழட்டுக் கண், எதற்கென்று இல்லாமல் கலங்கும்.

தென்னந்தோப்பில் சிமெண்ட் தளம் போடுகிறார்கள். புது டிராக்டர் நிறுத்தவாம்.

ஜூலை 18, ஆடி 2

வண்டி தயார். ஓட்டிப் பார்த்தேன். புகை இல்லை. மூன்றாம் கியரில் ஒரு முனகல், அவ்வளவுதான்.

"இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க" என்றான் பூபதி. ஆடியில் எவனாவது புது வண்டி எடுப்பானா? ஆடி கழியட்டும், ஆவணி ஒண்ணாந் தேதி தேங்காய் உடைத்துக் கிளம்புகிறேன் என்றேன். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றான். "சும்மா நிக்கற வண்டி மேல பத்துப் பேரு கண்ணு உழுகுமுங்க. ஆடியாவது ஒண்ணாவது, எடுத்துக்கங்க." பட்டறைக்காரனுக்குச் சாஸ்திரம் என்ன தெரியும்?

ஆடியில் ஆளையும் இடம் மாற்றக் கூடாது என்பதால் என் பையும் இங்கேயே கிடக்கிறது. தனப்பிரியா போனில் சொல்கிறாள்: "எங்க தலையில மட்டும் ரெண்டு மாசம்."

ஆகஸ்ட் 6

என்ஜின் இல்லை.

பட்டறைக்குப் போய் பானெட்டைத் தூக்கினால் வெறும் குழி. தனசேகருக்கு போர்வெல் தொழில். அவன் ரிக் லாரியோடு குழாய் ஏற்றிப் போன சப்போர்ட் வண்டி சத்தீஸ்கரில் என்ஜின் வெடித்து நின்றுவிட்டதாம். இதைக் கழற்றி லாரியில் போட்டு அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை? ஒரு வார்த்தை கேட்டார்களா?

"ஆர்சி உங்க பெரிய மவன் பேர்லீங்க. அண்ணந்தம்பி ரெண்டு பேருமாச் சேந்து வந்து கழட்டச் சொன்னாங்க. நா அன்னைக்கே சொன்னனுங்களே" என்றான் பூபதி. சொன்னான். சொன்னானே. நான்தான் ஆடி, ஆடின்னு — த்தூ.

தனசேகருக்குப் போன் போட்டேன். "ஆடி கழிஞ்சு வேற மாட்டிக்கலாம்பா. தொழில் நிக்குது, நீங்க சும்மாதான இருக்கறீங்க?"

என்ஜின் இந்நேரம் நாக்பூர் தாண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 9

வண்டியை இழுத்துவந்து சிமெண்ட் தளத்தில் நிறுத்திவிட்டார்கள். டிராக்டருக்குப் போட்ட தளம். கட்டிலில் புது மெத்தை. "இனி உங்களுக்குன்னு தனி ஊடு மாமா" என்றாள் தனப்பிரியா. சின்னவன் வீட்டுப் பின்னாலும் இதே அளவில் ஒரு தளம் போட்டாயிற்றாம். கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது. இறுக்கமாக.

ஆகஸ்ட் 17, ஆவணி 1

நல்ல நாள். கதிர்வேல் தேங்காய் உடைத்தான், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தான். வண்டியை டிராக்டரில் பூட்டினான். இழுத்துப் போகிற வண்டிக்கும் ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்.

"நீங்களே புடிச்சுக்கங்கப்பா. உங்களுக்குத்தான் கை பழகுனது."

உட்கார்ந்தேன். பையைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். மேடு வந்தபோது கை தானாகக் கியருக்குப் போனது.

நாமக்கல்லில் திருச்செங்கோடு ரோடு பிரிகிற இடம். நேராகப் போனால் சேலம், அப்படியே வடக்கே நாக்பூர். டிராக்டர் மெதுவானது. கதிர்வேல் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஸ்டியரிங்கைச் சரியாக ஒடிப்பேன் என்று அவனுக்குத் தெரியும். இடது இண்டிகேட்டர் போட்டேன். எரிந்தது, பூபதி ஒயரிங்கில் குறை சொல்ல முடியாது. ஒடித்தேன்.

மத்தியானத்துக்குள் சின்னவன் வீட்டுக்கு வந்துவிட்டோம். இந்தத் தடவை சோறு வடித்திருந்தார்கள். சின்ன மருமகள் வண்டிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, வெளியே இருந்து கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.