வாஷ்பேசினில் போன மருந்து

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்க இந்த முறை கை வரவில்லை. போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு இடது கண் போய்விட்டது. கண்ணில் பிரஷர் ஏறி நரம்பு செத்துவிட்டதாம். இனி எந்த மருந்தாலும் பார்வை திரும்பாது. ஏழு மாதமாகச் சொட்டு மருந்தே போடவில்லை. நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டார். "என் பையன்தான். குடல்ல இருக்கற கிருமிக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்புன்னு ஆராய்ச்சி பண்றான்" என்று பெருமையாகச் சொன்னாள் அம்மா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நீ சொன்னது உனக்கு நினைவிருக்காது. அவளுக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. கண் நோய்க்கு வேர் வயிற்றில்தான், அங்கே நல்ல நுண்ணுயிர்கள் பெருகிவிட்டால் சொட்டு மருந்துக்கே வேலை இல்லை என்றாயாம். நீ அனுப்பிய மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கினாள். சொட்டு மருந்தைத் தினமும் இரண்டு சொட்டு வாஷ்பேசினில் விட்டாள், பாட்டில் குறையாவிட்டால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று.

தொடர்பு இருக்கலாம், ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் அதை நம்பி யாரும் சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை என்றார் டாக்டர். நீ ஆய்வுக்கூடத்து எலிகளைப் பார்த்துச் சொன்னாய். அம்மா எலி இல்லையடா.

என்மேலும் எனக்கு ஆத்திரம்தான். நாள் முழுக்கக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணை அளக்கிறேன். அம்மா கதவில் இடித்துக்கொண்டபோதெல்லாம் கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன், இரண்டு முறை. "புதுசு நல்லா இருக்குடி" என்றாள், என் மனம் நோகக் கூடாதென்று.

வலது கண்ணில் நடுப்பகுதிப் பார்வை மட்டும் மிச்சம். அதற்கும் மருந்து போட விடமாட்டேன் என்கிறாள். "அவனுக்குத் தெரியாததா உன் டாக்டருக்குத் தெரிஞ்சிடப்போகுது? கெட்டதெல்லாம் வெளிய போகும்போது கொஞ்சம் இருட்டத்தான் செய்யும்" என்கிறாள். கூடவே இருந்து சோறு போடுகிறவள் பேச்சு எடுபடாது. தூரத்தில் இருக்கிறவன் சொன்னால்தான் வேதம்.

இதைப் படித்ததும் வீடியோவில் கூப்பிடு. விளக்கம் எதுவும் வேண்டாம். நான் சொன்னது தப்பும்மா, மருந்து போட்டுக்கோ என்று மட்டும் சொல். அழாமல் சொல். திரைக்கு நேராக உட்கார். நேராக இருந்தால் உன் முகம் அவளுக்கு இன்னும் தெரியும்.

உன் அக்கா